நாய் நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி?

நீங்கள் செல்போனில் மூழ்கியிருக்கிறீர்கள். உங்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு நாய் எதிரே வந்து நிற்கிறது. கடித்துக் குதறவில்லை, ஓடி ஒளியவில்லை. நீங்கள் நிமிரும்வரை அப்படியே நிற்கிறது. "ஏய், போடு அதை!" என்று எழுந்ததும் ஓட்டம் பிடிக்கிறது. அதற்குச் செருப்பு ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

தந்திரம் என்று சொல்லலாம்தான். ஆனால் நாய் உட்கார்ந்து திட்டம் போட்டு இதைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரு நாளில் அது என்னென்னவோ செய்கிறது: முனகும், காலைச் சுரண்டும், பந்தைக் கொண்டுவந்து மடியில் போடும், காலிக் கிண்ணத்தைத் தட்டி உருட்டும், கதவருகே போய் நிற்கும். இவற்றில் எதற்கு நாம் திரும்பினோமோ அது நிலைத்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்டது மெல்ல மறைந்துபோகும். நல்ல பலன் கிடைத்த செயலையே விலங்கு மறுபடி செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-லேயே பூனைகளைக் கூண்டுப் பெட்டியில் விட்டுச் சோதித்துக் காட்டினார். நாயைப் பொறுத்தவரை, நாம் திட்டுவதும்கூட நல்ல பலனாகிவிடலாம். வெகுநேரம் யாரும் ஏறிட்டுப் பார்க்காத நாய்க்கு, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஒருவர் பின்னால் ஓடிவருவது லாபம்தான். ஒவ்வொரு வீட்டு நாய்க்கும் ஒரு தனி வித்தை இருப்பது இதனால்தான். அந்த வீட்டு ஆட்களிடம் எது பலித்ததோ அதுவே அதன் வித்தை.

சரி, நாம் கவனிக்கிறோமா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? நன்றாகவே தெரிகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தரையில் உணவை வைத்து, "தொடாதே" என்று நாய்க்குச் சொல்லிவிட்டு ஆள் அங்கேயே இருந்தார். அவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நாய்கள் குறைவாகவே திருடின. கண்ணை மூடிக்கொண்டாலோ, முதுகைக் காட்டினாலோ, வேறு வேலையில் இறங்கினாலோ துணிந்து எடுத்தன. ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதோடு, அவருடைய கண் எங்கே இருக்கிறது என்பதையும் அவை கணக்கில் எடுத்துக்கொண்டன.

நாய்கள் தங்களுக்குள் விளையாடும்போதும் இதைப் பார்க்கலாம். முன்னங்கால்களை நீட்டி, பின்புறத்தைத் தூக்கி "விளையாட வா" என்று அழைக்குமே, அதை நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் வீடியோவில் நுணுக்கமாக ஆராய்ந்து 2009-இல் எழுதினார். எதிரே நிற்கும் நாய் முகம் பார்த்தபடி இருந்தால்தான் அந்த அழைப்பு வரும். அது வேறு பக்கம் திரும்பியிருந்தால், அழைக்க நினைக்கும் நாய் முதலில் இடிக்கும், குரைக்கும், லேசாகக் கவ்வும். அது திரும்பிய பிறகே அழைக்கும். நம் காலைச் சுரண்டிவிட்டு முகத்தைப் பார்ப்பதும் அதே வரிசையில்தான் நடக்கிறது. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடித்தது. முதலில் கவனத்தைப் பிடி, பிறகு விஷயத்தைச் சொல். மனிதர்களிலேயே பலருக்கு இது வருவதில்லை.

விஷயத்தைச் சொல்வதற்கு நாய் பார்வையைத்தான் அதிகம் நம்புகிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஆய்வாளர் ஆடாம் மிக்லோஷியின் குழு ஒரு சோதனை நடத்தி 2003-இல் வெளியிட்டது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும், திறக்கவே முடியாதபடி அடைத்த உணவைக் கொடுத்தார்கள். ஓநாய்கள் அதோடே மல்லுக்கட்டின. நாய்களோ சீக்கிரமே மனிதர் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. உங்கள் நாய் சோபாவுக்கு அடியில் போன பந்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பது இதன் தொடர்ச்சிதான்.

அந்தப் பார்வைக்கு ஏற்ற உடலமைப்பும் அதற்கு உண்டு. ஜூலியான் கமின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2019-இல் நாய்களின் முகத்தசைகளை ஓநாய்களின் தசைகளோடு ஒப்பிட்டார்கள். புருவத்தின் உட்பகுதியைத் தூக்கும் ஒரு தசை நாய்களில் நன்கு வளர்ந்திருந்தது. ஓநாய்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் மெல்லிய சில இழைகளே இருந்தன. அந்தத் தசை சுருங்கினால் கண் பெரிதாகி, குழந்தையின் சோக முகம் போல ஆகிவிடும். நாமும் இளகிவிடுகிறோம். அதே கமின்ஸ்கி குழு 2017-இல் கண்டது இன்னும் சுவாரசியமானது. மனிதர் தன்னைப் பார்க்கும்போது நாயின் முகம் அதிகம் அசைகிறது. வெறுமனே உணவைக் காட்டினால் அப்படி அசைவதில்லை. ஆகவே அந்த முகம் பசியால் தானாக வருவது என்று சொல்லிவிட முடியாது.

இதைப் படித்துவிட்டு நாயை ஏமாற்றுக்காரன் என்று நினைக்க வேண்டாம். ஏமாற்றவும் அவற்றுக்குத் தெரியும் என்பது உண்மைதான். உணவைப் பங்கிடாமல் தானே வைத்துக்கொள்ளும் ஆளை நாய்கள் நல்ல உணவு இருந்த பெட்டிக்குக் குறைவாகவே அழைத்துப்போனதாகவும், காலிப் பெட்டிக்குக் கூட்டிப்போனதாகவும் 2017-இல் வெளியான சூரிச் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஆனால் வீட்டில் நடக்கும் பெரும்பாலான "நாடகங்கள்" வெறும் பழக்கம். காலில் அடிபட்டு நொண்டியபோது எல்லோரும் ஓடிவந்து கொஞ்சினார்கள் என்றால், புண் ஆறிய பிறகும் சில நாய்கள் நொண்டக்கூடும். அதே நேரம், நொண்டுவதைப் பார்த்தவுடன் நடிப்பு என்று ஒதுக்கிவிடக்கூடாது. திடீரென்று வரும் எந்த மாற்றத்தையும் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

வலியில்லை என்று உறுதியானபின் தொல்லையான வித்தையை மாற்றலாம். பலரும் தவறுவது இங்கேதான். நான்கு முறை கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, ஐந்தாவது முறை குரைச்சல் தாங்காமல் எழுந்து போகிறார்கள். எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல்தான் எளிதில் விடாமல் நிலைக்கும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதோடு, பலன் நின்றவுடன் அந்தச் செயல் குறையாமல் முதலில் கூடவும் செய்யலாம். "முன்பு வேலை செய்ததே" என்பதுபோல நாய் இன்னும் சத்தமாகக் குரைக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் விட்டுக்கொடுத்தாலும், சத்தமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் போதாது. அது நாய்க்குக் கொடுமையும்கூட. அதற்குக் கவனம் வேண்டும், அந்தத் தேவை நியாயமானது. அதனால் கேட்பதற்கு வேறு ஒரு வழியைச் சொல்லிக்கொடுங்கள். வந்து அமைதியாக உட்கார்ந்தால் உடனே திரும்பிப் பாருங்கள், பேசுங்கள், தடவிக்கொடுங்கள். செருப்பை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பொம்மையைக் கொண்டுவந்தால் விளையாடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நாய் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். அப்புறம், அது கேட்கும் முன்னரே நீங்களாக எழுந்து போய் விளையாடும் நேரத்தையும் தினசரி வழக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.