மேடைக்கு எந்த எலெக்ட்ரிக் கிட்டார்? வாங்கும் முன் நெக்கைப் பாருங்கள்

தொடர்ந்து மேடையில் வாசிக்க ஆரம்பித்ததும், பழகிய முதல் கிட்டார் மீது ஒரு கசப்பு வந்துவிடுகிறது. வீட்டில் ஒழுங்காக இருந்தது மேடையில் காலை வாருகிறது. ட்யூன் நிற்பதில்லை, விளக்குகள் எரிந்ததும் இரைகிறது, பாட்டின் நடுவில் சத்தம் விட்டு விட்டு வருகிறது. கூட வாசிப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நல்ல கிட்டாரா ஒண்ணு வாங்கு." கிட்டார்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் படுத்தியது கிட்டாரா, அதில் இருக்கும் ஒரு சின்ன பாகமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் வாங்கினால் அதே தொல்லை புதிதிலும் வந்து நிற்கும்.

ட்யூன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். "அண்ணா, ட்யூனிங் கீ போயிடுச்சு, மாத்திக் குடுங்க" என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். கிட்டாரை மேசையில் படுக்கவைத்து, ஜி ஸ்ட்ரிங்கை மெதுவாக ஏற்றச் சொல்வேன். கீ சுற்றும், சுருதி ஏறாது. இன்னும் கொஞ்சம் சுற்றினால் நட்டிலிருந்து, அதாவது இடது கை பிடிக்கும் நெக்கின் தலைமுனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சின்னத் துண்டிலிருந்து, 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்; சுருதி ஒரேயடியாக மேலே குதிக்கும். நட்டில் வெட்டிய பள்ளம் ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடித்திருக்கிறது. பெண்ட் செய்யும்போது, அதாவது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதி ஏற்றும்போது, நட்டில் நகரும் ஸ்ட்ரிங், பழைய இடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பழி ட்யூனிங் கீ மேல் விழுகிறது. அந்த ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கு ஏற்ற மெல்லிய அரத்தால் பள்ளத்தைச் சீராக்கி, பென்சில் முனையைக் கொஞ்சம் உரசிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஸ்ட்ரிங்கைப் பூட்டிப் பிடிக்கும் கீயான லாக்கிங் ட்யூனர் நல்ல பொருள்தான், ஸ்ட்ரிங் மாற்றும் வேலை சீக்கிரம் முடியும். நட் கவ்வுவதை அதனால் சரிசெய்ய முடியாது. கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பக்கத்துக்கு மூன்று கீ வைத்த கிட்டார்களில் நடு ஸ்ட்ரிங்குகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புவதால், பெயர்பெற்ற மாடல்களிலும் இந்தச் சிக்கல் உண்டு.

சத்தம் விட்டு விட்டு வந்தால் கேபிளையும் அதைச் செருகும் ஜாக்கையும் பாருங்கள். ஜாக்கின் மரை தளர்ந்து, உள்ளே ஒயர் முறுகி, சாலிடர் விட்டிருக்கும். சின்ன வேலை.

இரைச்சல் கதை வேறு. ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம் பிக்கப்; ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பின் பிறவிக் குணம் இந்த இரைச்சல். மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையை அது ஆண்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் முதல் இன்று வரை இதுதான் நிலை. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்து, 1957-இல் கிட்டார்களில் வரத் தொடங்கிய ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராக இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஆம்ப்பில் அதிக கெயின் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் அளவு) வைத்து வாசிப்பவர் என்றால் ஹம்பக்கர் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் புது கிட்டார் வேண்டும் என்றில்லை. சிங்கிள் காயில் அளவிலேயே இரைச்சல் அடக்கும் பிக்கப்புகள் கிடைக்கின்றன. பழையதைக் கழற்றி இதைப் பொருத்தலாம்.

பிக்கப், கீ, நட், ஜாக், வால்யூம் பாட் எல்லாமே பின்னால் மாற்றக்கூடியவை. உங்கள் இடது கை பிடித்திருக்கும் நெக் அப்படி இல்லை. ஒட்டிய நெக் என்றால் மாற்றும் பேச்சே இல்லை. திருகு போட்டு மாட்டிய நெக்கை மாற்றலாம், ஆனால் பொருத்தமானதைத் தேடி, நெக்கின் மேலுள்ள உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளைச் சீராக்கி, நட் வெட்டி முடிப்பதற்குள் இன்னொரு கிட்டார் வாங்கிய செலவு ஆகிவிடும். அதனால் அப்கிரேடு என்று காசு போடுவதாக இருந்தால் நெக்கைப் பார்த்துப் போடுங்கள். சுமாரான பிக்கப்போடு வரும் அருமையான நெக்கை நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

நெக்கில் முதலில் ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து ஸ்ட்ரிங்கின் மறுமுனை தங்கும் பிரிட்ஜ் வரை அது அதிரும் நீளம். ஃபெண்டர் வகையில் 25.5 அங்குலம், கிப்சன் வகையில் சுமார் 24.75 அங்குலம். ஒரே தடிமன் ஸ்ட்ரிங்கை ஒரே சுருதியில் வைத்தாலும் குட்டை ஸ்கேலில் இழுவை குறைவு. பெண்ட் சுலபமாக வரும். ஓங்கி ரிதம் அடிப்பவருக்கோ கொஞ்சம் தொளதொளப்பாகத் தெரியும். அடுத்தது விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் வளைவு. எண் சிறிதானால் வளைவு அதிகம். பழைய ஃபெண்டர் பாணியில் 7.25 அங்குல ரேடியஸ் இருக்கும். கார்டு பிடிக்க இதமானது. ஆனால் ஆக்ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை, தாழ்த்தி வைத்து 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் முழு பெண்ட் செய்தால் ஸ்வரம் பாதியில் செத்துப்போகும். சோலோ நிறைய வாசிப்பவர் 9.5 அல்லது 12 அங்குலம் பாருங்கள்.

கடையில் ஆம்ப்பில் செருகுவதற்கு முன் வெறும் கிட்டாரை வாசியுங்கள். ஆம்ப்பின் சத்தம் நிறைய குறைகளை மூடிவிடும். ஆறு ஸ்ட்ரிங்கிலும் எங்காவது ஸ்வரம் செத்துப்போகிறதா என்று ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் போய்ப் பாருங்கள். அப்புறம் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே ஸ்ட்ரிங்கில் அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாவது ஃப்ரெட் அருகில் இடைவெளியைக் கவனியுங்கள். 0.2, 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசிப் போகும் அளவு இருந்தால் நல்லது. அதிகமோ குறைவோ இருந்தால் நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். ராடு இறுகி நகரவே இல்லையென்றால் எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய கிட்டார் என்றால் முதல் சில ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங் படும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லேசான குழியைச் சமப்படுத்தலாம், ஆழமாக இருந்தால் ஃப்ரெட் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் போட்ட கிட்டார் கிடைத்தால், அடிக்கடி மேடை ஏறுகிறவருக்கு அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை. ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கிப்சன் வகையில் நட்டுக்குப் பின்னால் மரம் மெலிந்திருக்கும். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை விழுந்தாலே உடையும் இடம் அது. வெளிச்சத்தில் பிடித்து, பாலிஷுக்கு அடியில் கோடு ஓடுகிறதா என்று தேடுங்கள். சீரியல் நம்பரை மட்டும் நம்பிப் பெரிய பிராண்டு வாங்காதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம். கிப்சன் என்று சொல்லி விற்கும் கிட்டாரில் டிரஸ் ராடு மூடியை மூன்று திருகு பிடித்திருந்தால் உஷாராகுங்கள். கிப்சன் போடுவது இரண்டு.

எடையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கும்போது அது தெரியாது. கிப்சனின் லெஸ் பால் வகை 4 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்ட்ராப் மாட்டி, நின்றுகொண்டு, இருபது நிமிடம் வாசியுங்கள். நெக் கீழே சாய்கிறதா என்று கையை எடுத்துப் பாருங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தோள்வலியோடு வாசித்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. கூட வரும் அப்பா அம்மாதான் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கிட்டாரோடு மேடைக்குப் போகிறவர் ஸ்பிரிங்குகளின் இழுவையில் மிதக்கும் ஃப்லாய்ட் ரோஸ் பிரிட்ஜ் உள்ள கிட்டார் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகிவிடும், அந்தப் பாட்டு அதோடு போச்சு.

மேடையில் மாற்றுக்கு ஒரு கிட்டார் இருப்பது நல்லது. அதனால்தான் பழைய கிட்டாரை விற்றுப் புதிதுக்குக் காசு சேர்க்கும் யோசனையும் எனக்குப் பிடிப்பதில்லை. நட்டையும் ஜாக்கையும் சரிசெய்து, அதே தடிமன் ஸ்ட்ரிங் போட்டு, ட்யூன் பண்ணி மேடை ஓரத்தில் வையுங்கள். புதிதையும் வாங்கிய கையோடு ஷோவுக்குக் கொண்டுபோகாதீர்கள். தொழிற்சாலையில் 9 செட் (மிக மெல்லிய ஸ்ட்ரிங் 0.009 அங்குலம்) போட்டு வந்த கிட்டாரில் நீங்கள் பழகிய 10 செட்டை மாட்டினால் இழுவை கூடி நெக் கொஞ்சம் வளையும், ஆக்ஷன் ஏறும், நட் பள்ளமும் பிடிக்கலாம். ஸ்ட்ரிங் மாற்றி, இரண்டு மூன்று நாள் நெக்கை அமரவிட்டு, அப்புறம் செட்டப்புக்குக் கொண்டு வாருங்கள். அதன்பின் குழுவோடு முழு ஒத்திகை ஒன்று, மேடையில் வைக்கும் அதே வால்யூமில்.