ஓநாய்க் கலப்பு நாய் வளர்க்கலாமா? சென்னையில் சட்டம் என்ன சொல்கிறது

"வுல்ஃப் டாக் குட்டி, பேப்பரோட தர்றோம்" என்று யாராவது சொன்னால், விலை பேசுவதற்கு முன் தாய் தகப்பன் எவை என்று விசாரியுங்கள். சட்டச் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நம் காட்டு ஓநாய், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு. அதைப் பிடித்தாலோ அடைத்து வளர்த்தாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வீட்டு நாய் அந்த அட்டவணையில் இல்லை. இரண்டுக்கும் பிறந்த குட்டி எந்தப் பக்கம்? அதைப் பெயர் சொல்லிக் குறிக்கும் ஒரு வரிகூட அந்தச் சட்டத்தில் கிடையாது.

வன உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் இதில் தெளிவாக இருக்கிறது. முந்தைய நான்கு தலைமுறைக்குள் ஓநாய் இருந்தால், கலப்புக் குட்டிக்கும் ஓநாய்க்குரிய வர்த்தகக் கட்டுப்பாடு உண்டு. 1955-ல் ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்திய ஓநாயையும் சேர்த்துத் தொடங்கிய செக்கோஸ்லோவாக்கியன் வுல்ஃப்டாக், பல தலைமுறை கடந்து இன்று நாய் இனமாகவே அங்கீகரிக்கப்படுகிறது. சைட்டீஸ் பட்டியல் விலங்குகளை வைத்திருப்போர் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. ஆனால் தலைமுறையை நிரூபிக்க வேண்டியது யார்? வளர்ப்பவர்தான் தவித்துப் போவார்.

அடுத்த குழப்பம் நாய்த் தடையில். 2024 மார்ச் 12 அன்று ஒன்றியக் கால்நடைத் துறை 23 வகை நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. அதில் 'வுல்ஃப் டாக்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெயர். எத்தனை சதவீத ஓநாய் ரத்தம் என்ற வரையறை இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. ஆயிரம்விளக்குப் பூங்காவில் ஒரு சிறுமியை ராட்வைலர் கடித்த பிறகு, மே மாதம் தமிழகக் கால்நடைத் துறையும் அதே பட்டியலுக்குத் தடை விதித்து, விதித்த வேகத்தில் திரும்பப் பெற்றது. கடிபட்ட குழந்தைக்கும் நீதி வேண்டும், வாயில்லா ஜீவனுக்கும் நீதி வேண்டும். அவசரத்தில் எழுதிய பட்டியல் இரண்டையும் தராது.

மாநகராட்சி உரிமம் எந்த நாய்க்கும் கட்டாயம். அதற்குக் கட்டணம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, மைக்ரோசிப் வேண்டும். இந்த உரிமம் வன உயிரினச் சட்டத்திலிருந்து யாரையும் காப்பாற்றாது.

என் கருத்து: வாங்காதீர்கள். ஓநாய் என்று விற்கப்படுவதில் பல, ஹஸ்கி அல்லது மாலமியூட் என்ற நாய் இனங்களின் கலப்பு. நிஜமாகவே ஓநாய் என்றால் ஜெயில் வாசல். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வாங்கிய ரசீது, வம்சாவளிச் சான்று, இறக்குமதி அனுமதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் கிண்டியிலுள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்துமூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பயந்துபோய் ஈசிஆர் பக்கம் அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.