கேசரோல்: மூடிச்சட்டியும் அதில் புழுங்கும் கோழியும்

சிக்கன் கேசரோல் செய்முறைகளைத் தமிழில் படிக்கும்போது ஓரிடத்தில் எனக்குப் பதற்றம் வந்துவிடும். ‘எல்லாவற்றையும் கேசரோலில் போட்டு மூடி, 180 டிகிரி சூட்டில் ஓவனில் வையுங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். தமிழ் பேசுகிறவர்களில் பலருக்குக் கேசரோல் என்றால் சமைத்ததைச் சூடு ஆறாமல் வைக்கும் பாத்திரம்தான். வெளியே பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர், இரண்டுக்கும் நடுவே சூடு வெளியேறாமல் தடுக்கும் நுரை அடைப்பு. அதை ஓவனுக்குள் வைத்தால் பிளாஸ்டிக் உருகி ஒழுகும். சொல்லின் பொருளை விளக்காமல் விட்டால் சமையலறையில் விபத்தே நேரலாம் என்பதால், இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு இந்தச் சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. ஓவனின் சூட்டைத் தாங்கும் கனமான மூடி போட்ட சட்டி ஒன்று. அந்தச் சட்டியில் மெதுவாக வெந்து, அந்தச் சட்டியோடே மேசைக்கு வரும் உணவு இன்னொன்று. மூன்றாவது, மேலே சொன்ன சூடுகாக்கும் பாத்திரம். செய்முறைகளில் வருவது முதல் இரண்டும்தான். மூன்றாவது பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள். அதற்கும் மற்ற இரண்டுக்கும் மூடி ஒன்றுதான் பொது.

வேரைத் தேடிப் போனால் ஓர் அகப்பையில் போய் நிற்கிறோம். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் ‘காஸ்ரோல்’ என்பது ‘காஸ்’ என்ற சொல்லோடு சிறுமை குறிக்கும் விகுதி சேர்ந்த வடிவம். காஸ் என்பது பிடி வைத்த பாத்திரம். அதற்கு முன்பு, பிரான்சின் தெற்குப் பகுதியில் வழங்கிய புரோவென்சல் மொழியில் ‘காஸா’; இடைக்கால இலத்தீனில் ‘காட்டியா’, அதாவது அகப்பை அல்லது சிறு பாத்திரம். அதற்கும் பின்னால் கிரேக்கத்தின் ‘கியாத்தோஸ்’ இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. பெரிய கலத்தில் நீர் கலந்து வைத்த மதுவை மொண்டு ஊற்ற, உயரமான வளைந்த பிடியோடு செய்த கிண்ணம்தான் கியாத்தோஸ்.

மொள்ளும் கருவியின் பெயர் சமைக்கும் பாத்திரத்தின் பெயராக வளர்ந்திருக்கிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. இந்தச் சொல்லின் வரலாற்றிலோ அகப்பையிலிருந்துதான் சட்டி வந்தது. இதே குடும்பத்தில் வேறு பிள்ளைகளும் உண்டு. ஸ்பானிய மொழியில் ‘காசுவேலா’ என்றால் மண்சட்டி. இத்தாலியத்தில் ‘காட்சுவோலா’ என்றால் கொத்தனார் கையில் பிடிக்கும் சாந்துக் கருவி. தமிழிலும் அந்தக் கருவியைக் கொத்துக்கரண்டி என்கிறோம். மொழிக்கு மொழி தொடர்பே இல்லாமல் இரண்டு இடத்திலும் சமையல் கரண்டி சுவர் கட்டப் போயிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். ரஷ்ய மொழிக்குப் போன சொல் ‘கஸ்த்ரூல்யா’ ஆகி, சாதாரணச் சமையல் பாத்திரத்துக்குப் பெயராகிவிட்டது.

தென்பிரான்சின் கஸ்தெல்நோதாரி என்ற ஊரின் பக்கம் ‘காசோல்’ என்று ஒரு மண்சட்டி உண்டு. அடி குறுகி வாய் அகன்றிருக்கும். பீன்ஸ் பருப்பும் இறைச்சியும் போட்டு அதில் மணிக்கணக்கில் வேகவைக்கும் உணவுக்குச் சட்டியின் பெயராலேயே ‘காசுலே’ என்று பெயர். பாத்திரத்தின் பெயர் உணவுக்கு ஏறியது அங்கேயும் நடந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்குக் காஸ்ரோல் என்றால் இன்றைக்கும் பாத்திரம்தான். அதுவும் அடுப்பின் மேல் பால் காய்ச்சுகிற, நீண்ட ஒற்றைப் பிடி வைத்த பாத்திரம். ஆங்கிலக்காரர்கள் கேசரோல் என்று சொல்லும் மூடிச்சட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கோகோத்’. ஸ்பானிய மொழியிலும் பாத்திரப் பொருள் அப்படியே நிற்கிறது. 1971 டிசம்பரில் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் பெண்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு அரசுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். 2001இல் அர்ஜென்டினாவின் பொருளாதார நெருக்கடியின்போதும் தெருவெல்லாம் அந்த ஓசைதான். அந்தப் போராட்ட முறைக்குப் பெயர் ‘காசெரோலாசோ’.

உணவு என்ற பொருள் பிறந்தது ஆங்கிலத்தில். ‘காஸ்ரோலில் சமைத்த கோழி’ என்று பிரெஞ்சுத் தொடராக எழுதிவந்தவர்கள், நாளடைவில் ‘கோழி கேசரோல்’ என்று சுருக்கிவிட்டார்கள். தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தயாராகவே இடம் இருக்கிறது. ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். இடத்தின் பெயர் அங்கே இருப்பவர்களுக்கு ஆகிவந்ததால் அது இடவாகுபெயர். சட்டியின் பெயர் சட்டிக்குள் இருப்பதற்கு ஆகிவந்ததையும் அதே வரிசையில் வைக்கலாம்.

பிறகு அந்த உணவு அமெரிக்காவில் வேறு முகம் எடுத்தது. 1913இல் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளரின் மனைவி பெஸ்ஸி, ஓவனில் வைக்கும் தன்னுடைய பாத்திரம் உடைந்துபோனதால் ஆலையிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னார். அவர் கொண்டுவந்தது, மின்கல ஜாடியின் அடிப்பகுதியை அறுத்தெடுத்த கண்ணாடி. அதில் பெஸ்ஸி கேக் சுட்டார், கண்ணாடி தாங்கியது. 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் ஓவனுக்கான கண்ணாடிப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 1934இல் கேம்பெல் நிறுவனம் கெட்டியான காளான் சூப்பை டப்பாவில் அடைத்து விற்றது. டப்பாவைத் திறந்து ஊற்றினாலே குழைவான சாறு தயார் என்றானதும், வேகவைத்த கோழி, நூடுல்ஸ் அல்லது சோறு, காய்கறி, மேலே சீஸ் அல்லது ரொட்டித்தூள் என்று அகலத் தட்டில் பரப்பி, மூடாமல் சுட்டெடுப்பது அங்கே கேசரோல் ஆயிற்று. பிரிட்டனில் அப்படி ஆகவில்லை. அங்கே இன்றைக்கும் கேசரோல் என்றால் மூடிச்சட்டியில் சாறோடு வேகும் இறைச்சி. அடுப்பின் மேல் வைத்து வேகவைத்தால் அது ஸ்டூ, ஓவனுக்குள் போனால் கேசரோல் என்பது அவர்கள் கணக்கு.

இந்த இரண்டில் எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் செய்முறைக்குள் நுழைய வேண்டும். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட நான் சொல்வது மூடிச்சட்டி வகையைத்தான்.

நான்கைந்து பேருக்கு எலும்போடு கூடிய தொடை, கால் துண்டுகள் ஒரு கிலோ வேண்டும். நெஞ்சுக்கறி வேண்டாம், நீண்ட நேரம் வெந்தால் அது சக்கையாகும். தொடையிலும் காலிலும் இணைப்புத் திசு அதிகம். அதில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெதுவான ஈரச் சூட்டில் ஜெலட்டினாக மாறும்போதுதான் கறி எலும்பைவிட்டு வழுக்கி வரும், சாறும் உதட்டில் ஒட்டும். துண்டுகளின் ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, சூடான எண்ணெயில் தோல் பொன்னிறமாகும்வரை வறுத்து எடுத்து வையுங்கள். இந்த வேலையைத் தாண்டிப் போகவே கூடாது. மூடிக்குள் நீராவி நிரம்பியபின் கறி சிவக்க வழியில்லை. வறுத்த மணம் முழுவதும் இப்போதே உண்டானால்தான் உண்டு.

அதே எண்ணெயில் இரண்டு வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, நான்கு பல் பூண்டு சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள். கோழி வேகவைத்த நீர் 400 மில்லி லிட்டர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். கேரட், உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, ஒரு பிரிஞ்சி இலை வைத்து, மேலே கோழியை அடுக்குங்கள். கோழி முழுக்க மூழ்க வேண்டியதில்லை, பாதி நனைந்தால் போதும். மூடி, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம். கடைசியில் மூடியை எடுத்துவிட்டு இன்னொரு 15 நிமிடம். கறியின் நடுவில் 74 டிகிரி வந்துவிட்டால் சாப்பிடலாம். ஆனால் தொடைக்கறி 80ஐத் தாண்டினால்தான் மெத்தென்று ஆகும், அதனால் அவசரப்படாதீர்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் சும்மா விட்டால் சாறு இன்னும் இறுகும்.

சட்டி வார்ப்பிரும்பாக இருந்தால் வறுப்பதும் அதிலேயே முடியும். கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருந்தால் நேரடித் தீயில் வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது ஈரமான இடத்தில் வைத்தாலும் வெடித்துவிடலாம். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சூடுகாக்கும் பாத்திரத்தில் மாற்றி இரவு முழுக்க விடுவது ஆபத்து: 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடும்.

இனித் தமிழ்ப் பெயர். நான் வைக்கும் தேர்வு ஒன்றுதான்: பெயரைக் கேட்டதும் சமைக்கிறவருக்கு என்ன பாத்திரம், என்ன மாதிரிச் சூடு என்று புரிய வேண்டும். கோழிக் குழம்பு என்று சொல்லிவிடலாம் என்பார்கள். குழம்பு அடுப்பின் மேல் கொதிப்பது, கிளறிவிடுவது. சூடு கீழிருந்து மட்டும் வருகிறது. கேசரோலில் சூடு நாலாபக்கமும் சூழ்கிறது, கரண்டி உள்ளே போவதே இல்லை. ‘தம்’ நெருங்கி வருகிறது. மூச்சு என்ற பொருளுள்ள பாரசீகச் சொல் அது. ஆவியை அடைத்து வேகவைப்பதைச் சமையல்காரர்கள் ‘தம் போடுவது’ என்றே சொல்கிறார்கள். ஆனால் தம் என்பது சமையலின் கடைசிக் கட்டத்துக்கான பெயராகத்தான் நிலைத்திருக்கிறது, முழு உணவுக்கும் அதை நீட்டினால் குழப்பமே மிஞ்சும்.

பாத்திரத்துக்கு ‘மூடிச்சட்டி’ போதும். சட்டி என்ற சொல் ஆங்கில அகராதிகளிலேயே மண்பாத்திரத்தின் பெயராக ஏறியிருக்கிறது, அவ்வளவு உறுதியான சொல். உணவுக்கு நான் பரிந்துரைப்பது ‘சட்டிப்புழுக்கு’. புழுக்கு புதிதாகச் செய்த சொல் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையிலேயே வேகவைத்த இறைச்சிக்கு அந்தப் பெயர் வருகிறது. அதன் உறவுச் சொற்கள் நம் வாயில் தினமும் புழங்குகின்றன: புழுங்கல், புழுக்கம். காற்றுப் போக வழியில்லாத அறையில் ஈரமும் சூடும் சேர்ந்து நிற்பதைத்தானே புழுக்கம் என்கிறோம்? மூடியின் கீழே நடப்பது அதுவே. ஆவி மேலே போய் மூடியில் முட்டி, துளியாகித் திரும்பக் கறியின் மேல் விழுந்து, கோழி தன் ஈரத்திலேயே புழுங்குகிறது. ‘கோழிச் சட்டிப்புழுக்கு’ என்றால் பாத்திரமும் தெரிகிறது, சூட்டின் தன்மையும் தெரிகிறது. சட்டியின் பெயரால் உணவை அழைக்கும் மூலச்சொல்லின் வழக்கமும் கெடவில்லை.

இந்த உணவோடு எப்போதும் ஒட்டிவரும் ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்ற இன்னொரு ஆங்கிலத் தொடரை ‘ஆறுதல் உணவு’ என்று பெயர்க்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர் கொடுத்ததுபோல் இருக்கிறது. ‘இதமான சாப்பாடு’ என்றால் வேலை முடிந்தது. கறி மென்மையாக இருக்கிறது, சாறு சூடாக இருக்கிறது, ஓவனுக்குள் போனபின் சமைத்தவருக்கும் மற்றவர்களோடு உட்கார ஒரு மணி நேரம் கிடைக்கிறது. இதம் என்பதற்குள் இத்தனையும் அடங்கும்.

சூடுகாக்கும் பாத்திரத்தைச் ‘சூடுகாப்புக் கலன்’ என்று தனியாகப் பிரித்துவிட வேண்டும். பேச்சில் ஹாட்பாக்ஸ் என்று சொன்னாலும் குறையில்லை, ஓவனுக்குப் போகும் சட்டியோடு அது கலந்துவிடாது.

மீனுக்கும் காய்கறிக்கும் இந்தப் பெயர் நன்றாகவே நீளும்: மீன் சட்டிப்புழுக்கு, காய்ச் சட்டிப்புழுக்கு. ஆனால் அமெரிக்க வகைக்கு இதை நான் சூட்ட மாட்டேன். அது மூடாமல் சுடுவது, மேல்பக்கம் மொறுமொறுப்பாக வர வேண்டியது, அங்கே புழுக்கமே இல்லை. அதைக் ‘கோழி வெதுப்பல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். பேக்கரியை வெதுப்பகம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் செய்முறை எழுதும்போது கேசரோல் என்றே போட்டு, ‘மூட வேண்டாம்’ என்ற குறிப்பை முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.