பையன் ஆடுவது டெக்சாஸில், வரி கேட்பது கலிபோர்னியா

"டெக்சாஸ்லதான் மாநில வருமான வரியே கிடையாதே சார், அப்புறம் என்ன?" கலிபோர்னியாவில் குடியிருக்கும் ஓர் அப்பா போன மாதம் என்னிடம் வரி ஆலோசனை கேட்டு வந்தபோது இப்படித்தான் ஆரம்பித்தார். மகன் டெக்சாஸ் கல்லூரி ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான், நல்ல பணமும் வருகிறது.

கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில் கதவு திறந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே தங்கள் விளையாட்டு வருவாயில் வீரர்களுக்குப் பங்கு தருகின்றன. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

டெக்சாஸ், புளோரிடா, டென்னசியில் சம்பாத்தியத்துக்கு மாநில வரி இல்லை என்பது உண்மைதான். அர்கான்சாஸ்கூட 2025இல் இந்த வருமானத்துக்குத் தனியாக விலக்குக் கொடுத்தது. நல்ல ஆட்டக்காரர்களை இழுக்க இதுவும் ஒரு தூண்டில்! ஆனால் பையனின் நிரந்தர வீடு எது என்றும் பார்க்க வேண்டும். படிப்புக்காகத் தற்காலிகமாக வெளியே போனவனைக் கலிபோர்னியா தன் குடியிருப்பாளனாகவே வைத்துக்கொள்ளும். குடியிருப்பாளன் எங்கே சம்பாதித்தாலும் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். வரிக்குரிய வருமானம் 75 ஆயிரம் டாலரைத் தாண்டினால் மேலே உள்ள பணத்துக்குக் குறைந்தது 9.3% போய்விடும். டிரைவிங் லைசென்ஸ், கார் பதிவு, ஓட்டுரிமை, விடுமுறைக்கு எங்கே திரும்புகிறான் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். விடுதி முகவரி மட்டும் காப்பாற்றாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெக்சாஸ் பையன் கலிபோர்னியாவில் சேர்ந்தால், அங்கே செய்யும் வேலைக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். சொந்த ஊரில் வரி இல்லாததால், கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

நான் அதிகம் பார்ப்பது இன்னொரு சிக்கல். இந்தப் பணத்தில் பெரும்பாலும் யாரும் வரி பிடிப்பதில்லை. முழுத்தொகையும் கைக்கு வரும், செலவாகும். சுயதொழில் வருமானம் என்றால் மத்திய வருமான வரியோடு 15.3% சுயதொழில் வரியும் சேரும். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக முன்கூட்டியே கட்டாவிட்டால் அபராதம். விளம்பரத்துக்காக இலவசமாக ஓட்டக் கொடுத்த காரும் வருமானம்தான் என்றால் பையன்கள் நம்புவதே இல்லை.

அந்த அப்பாவிடம் கடைசியாக லைசென்ஸைப் பற்றிக் கேட்டேன். சற்று யோசித்தார். "கலிபோர்னியாதான் சார். காரும் என் பேர்லதான் இருக்கு."