55-லிருந்து 9-க்கு: பேட்டன் மேனிங்கின் கைக்குள் நடந்தது என்ன?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டாம் பிரேடி 45 வயது வரை ஆடினாரே, பேட்டன் மேனிங் மட்டும் 39-லேயே ஏன் அப்படிச் சரிந்தார்? நட்சத்திர குவார்ட்டர்பேக் ஒருவர் எந்த வயதில் விலக வேண்டும் என்று அறிவியலால் சொல்ல முடியுமா?" இந்த வயதில்தான் என்று ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் மேனிங்கின் சரிவு ஏன் அவ்வளவு திடீரென்று தெரிந்தது என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது.

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நம்ம ஊர் கால்பந்து இல்லை. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, சுமார் 3 நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிபவர். அதற்குள் 120 கிலோ ஆட்கள் நாலு பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது மேனிங். 2013-ல், 37 வயதில், டென்வர் பிராங்கோஸ் அணிக்காக அவர் எறிந்த டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தரும் எறிதல்கள்) 55, கடந்த தூரம் 5,477 யார்டு. இரண்டுமே ஒரே சீசனுக்கான சாதனை. 2014-ல் 39 டச்டவுன். 2015-ல் வெறும் 9, எதிரணி கைக்குப் போன பாஸ்கள் 17. அந்த வருடம் நவம்பர் 15 அன்று கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 20 முறை எறிந்து 5 மட்டும் சரியாகப் போய், நான்கை எதிரணி பிடித்து, கடைசியில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். கொடுமை என்னவென்றால், வாழ்நாள் பாஸிங் யார்டுகளில் இன்னொரு நட்சத்திர குவார்ட்டர்பேக்கான பிரெட் ஃபாவின் சாதனையை அவர் முறியடித்ததும் அதே ஆட்டத்தில்தான். காயத்தால் அந்த சீசனில் பல ஆட்டங்கள் ஆடவில்லை என்பதைக் கழித்துக்கொண்டாலும், 55-லிருந்து 9 என்பது இரண்டு வருடத்து வயதுக்குப் பொருந்தாத கணக்கு.

வயதானால் தசை குறையும், வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் முதலில் மெலியும், காயம் ஆற நாளாகும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். எறிவதற்கான விசையில் பெரும்பங்கு கையிலிருந்து வருவதில்லை, பாதம் தரையை உதைப்பதில் தொடங்கி இடுப்பு, முதுகு, தோள் வழியாக ஏறி வருகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். இன்னொரு சின்ன கணக்கு. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் எறிந்த பந்து 18 மீட்டர் போக 0.72 நொடி ஆகும். வேகம் 80 ஆகக் குறைந்தால் 0.81 நொடி. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. வித்தியாசம் 0.09 நொடிதான், ஆனால் நொடிக்கு 9 மீட்டர் ஓடும் தடுப்பாட்டக்காரர் அதற்குள் 80 செ.மீ. நெருங்கிவிடுவார். நம் ஆள் பிடிக்க வேண்டிய பந்தை அவர் பிடிக்க இந்த 80 செ.மீ. போதும்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம்.

மேனிங்கின் பிரச்சினை தசையில் தொடங்கவில்லை, கழுத்தில் தொடங்கியது. கழுத்து எலும்புகளுக்கு இடையில் நரம்பு நசுங்கி, எறியும் வலது கையின் டிரைசெப்ஸ் (மேற்கையின் பின்புறத்) தசை பலவீனமானது. பல சிகிச்சைகளுக்குப் பிறகு 2011 செப்டம்பரில் கழுத்து எலும்புகளை இணைக்கும் ஃபியூஷன் அறுவை சிகிச்சை. 2011 சீசன் முழுவதும் ஆடவில்லை. சேதமான நரம்பிழை மறுபடி வளரும், ஆனால் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். கழுத்திலிருந்து டிரைசெப்ஸ் வரை 30 செ.மீ. என்று வைத்தாலே 10 மாதம். விரல் நுனி வரை போக இரண்டு வருடத்துக்கும் மேல். ஆனால் நரம்பு வந்து சேர தசை காலவரையின்றிக் காத்திருக்காது. ஒன்றரை வருடம் ஆனால் நரம்பும் தசையும் சேரும் அந்தச் சந்திப்பே சிதைய ஆரம்பிக்கும். விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்பவே இல்லை என்று மேனிங் பிறகு சொன்னார்.

அப்படியானால் 2013-ல் அந்தச் சாதனை எப்படிச் சாத்தியமானது?

தண்டுவடத்திலிருந்து தசைக்கு உத்தரவு அனுப்பும் நரம்புச் செல்லை மோட்டார் நியூரான் என்பார்கள். ஒவ்வொரு மோட்டார் நியூரானும் ஒரே ஒரு தசை இழையை இயக்குவதில்லை. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நியூரானுக்குப் பத்துப் பதினைந்து இழைகள், காலின் பெரிய தசையில் ஆயிரத்துக்கும் மேல். நியூரான் ஒன்றையும் அது இயக்கும் இழைகளையும் சேர்த்து ஒரு மோட்டார் யூனிட் என்பார்கள். ஒரு நியூரான் செத்துவிட்டால் அதன் இழைகள் அனாதை. உத்தரவு வராது, சில மாதங்களில் மெலிந்து போகும். ஆனால் பெரும்பாலும் அந்தக் கதி வருவதில்லை, பக்கத்து நியூரான்கள் அவற்றைத் தத்து எடுத்துக்கொள்கின்றன.

எப்படி எடுக்கின்றன என்பதுதான் அழகு. நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் போர்த்தியபடி ஷ்வான் செல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். நரம்பு போனதும் அது சும்மா இருக்காது. தன் உடலிலிருந்து மெல்லிய கைகளை வெளியே நீட்டித் துழாவும். அந்தக் கை, நரம்பு உயிரோடு இருக்கும் பக்கத்துச் சந்திப்பைப் போய்த் தொட்டுவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்துவிடும். பக்கத்து நரம்பு முளைவிட்டு அந்தப் பாலத்தின் மேலேயே ஊர்ந்து வந்து, உத்தரவில்லாமல் கிடந்த இழையைப் பிடித்துக்கொள்ளும். மூளைக்கு இதில் எந்த வேலையும் இல்லை, எல்லாம் அங்கேயே, அக்கம்பக்கத்துக்குள் முடிந்துவிடுகிற காரியம். எலிகளில் செய்த சோதனைகளில் ஒரு நியூரான் தன் பழைய அளவைப் போல சுமார் 5 மடங்கு இழைகள் வரை சேர்த்துக்கொண்டது.

போலியோவில் இதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறோம். ஒரு தசைக்கான மோட்டார் நியூரான்களில் பாதி அழிந்த பிறகும் அந்தத் தசை ஏறக்குறைய இயல்பான பலத்தோடு இருக்க முடியும். மருத்துவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து, அளவுக்கு மீறிப் பெருத்த அந்த யூனிட்கள் ஓய்ந்து போகும்போதுதான் பலவீனம் மறுபடி வெளியே வருகிறது.

தத்து எடுப்பதில் ஒரு விலையும் உண்டு. 1960-ல் புல்லர், ஜான் எக்லஸ், அவர் மகள் ரோசமண்ட் எக்லஸ் மூவரும் பூனைகளில் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். வேகமான தசைக்குப் போகும் நரம்பையும் மெதுவான தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி, இடம் மாற்றி ஒட்டினார்கள். நரம்பு வளர்ந்து சேர்ந்த பிறகு பார்த்தால் மெதுவான தசை வேகமாகச் சுருங்குகிறது, வேகமான தசை மந்தமாகிவிட்டது! தசையின் குணத்தை வைத்திருப்பது பெருமளவு அதற்கு உத்தரவு போடும் நரம்புதான். வயதாகும்போது முதலில் அழிபவை வேகமான பெரிய நியூரான்கள். அவற்றின் இழைகளைத் தத்து எடுப்பது பெரும்பாலும் மெதுவான நியூரான்கள். இழை சாகாது, பலமும் ஓரளவு தங்கும், ஆனால் வேகம் போய்விடும். இளைஞரின் தசைத் துணுக்கைச் சாயமேற்றிப் பார்த்தால் இருவகை இழைகளும் கலந்து கிடக்கும், முதியவரின் துணுக்கில் ஒரே வகை கூட்டம் கூட்டமாக நிற்கும். அதோடு யூனிட் பெருக்கப் பெருக்க நுணுக்கமும் குறையும், ஒரு உத்தரவுக்கு இப்போது அத்தனை இழைகளும் சேர்ந்தே சுருங்கும்.

1960-ல் பூனை நரம்பை வெட்டி ஒட்டுவதற்கு எதற்குக் காசு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். உடனடிப் பயன் என்ன என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கும் இன்றைய நிதிக் குழுக்களில் அது தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மறுபக்கம், அகச்சிவப்புக் கதிரை உடம்புக்கே திருப்பி அனுப்பி தசையைச் சரிசெய்யும் என்று சொல்லி விற்ற பைஜாமாவுக்கு டாம் பிரேடியே விளம்பர முகம். தக்காளி, கத்திரிக்காய் வகைகளையும் ஒதுக்கி வைத்தவர் அவர். கத்திரிக்காய்க்கும் மோட்டார் நியூரானுக்கும் என்ன பகை என்று எனக்குப் புரியவில்லை. பயிற்சியால் மிச்சமுள்ள இழைகளைப் பருமனாக்கலாம், செத்த நியூரானை எந்தப் பைஜாமாவும் எழுப்பாது.

மேனிங்குக்கு வருவோம். 40 வயதில் ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த நியூரான் இழப்பு சின்னது, வேகம் பிடிப்பது 60-க்குப் பிறகுதான். கழுத்துக் காயம் அவருக்கு அதை 35-லேயே கொண்டுவந்துவிட்டது என்பது என் கணிப்பு. தத்து எடுப்பு நடந்தது, கை ஓரளவு மீண்டது. மீதியை இரண்டு விஷயங்கள் ஈடுகட்டின. ஒன்று கால்களும் இடுப்பும். இன்னொன்று மூளை. எதிரணி நிற்கும் நிலையைப் படித்து, "ஒமாஹா" என்று கத்தி ஆட்டத்தை ஒழுங்குபடுத்தி, ஆள் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். 0.09 நொடி தாமதமாகப் போய்ச் சேரும் பந்தை 0.09 நொடி முன்னதாக எறிந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுகிறது அல்லவா? 2015-ல் பாதத்தின் அடித்திசு கிழிந்தது. தரையை உதைக்கும் முதல் கண்ணி போனதும் கை தனியாக நின்றது, அதனிடம் கூடுதலாகக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

ஆகவே சரிவு திடீரென்று வரவில்லை, மறைப்பு திடீரென்று தீர்ந்தது. ஃபாவும் அப்படித்தான்: 2009-ல் 40 வயதில் 33 டச்டவுன், எதிரணி பிடித்தவை 7. அடுத்த வருடம் டச்டவுன் 11, எதிரணி பிடித்தவை 19. வீரரை நம்பி அவர் முடிவுக்கே விட்டுவிடலாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். ஈடுகட்டுவது அவருடைய உடம்புதான், ஆனால் அவருக்கே அது தெரியாது. பந்தின் வேகத்தையும், எவ்வளவு முன்னதாக எறிகிறார் என்பதையும் வருடாவருடம் அளந்து பார்க்கலாம். மின்முனை வைத்து மோட்டார் யூனிட்களின் எண்ணிக்கையையே மதிப்பிடும் முறைகளும் உண்டு. வேகம் இறங்க இறங்க எறிவது முன்னதாகிக்கொண்டே போனால் கையிருப்பு கரைகிறது என்று பொருள்.

எல்லாக் காயமும் இப்படி இல்லை. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு 2023 செப்டம்பர் 11 அன்று, 39 வயதில், நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு இறங்கிய முதல் சில நிமிடங்களிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. எல்லோரும் முடிந்தது என்றார்கள். 2024-ல் 17 ஆட்டமும் ஆடி 28 டச்டவுன் எறிந்தார். அறுந்தது நாண்தான், அதை இயக்கும் நரம்பு அப்படியே இருந்தது.

கை விஷயம் இவ்வளவுதான், ஆனால் தலை விஷயத்தில் நான் இவ்வளவு பொறுமை காட்ட மாட்டேன். பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தானமாக வந்த 111 என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) வீரர்களின் மூளைகளில் 110-ல் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ எனும் மூளைச் சிதைவு இருந்தது. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் தானம் செய்திருக்கும், எனவே எல்லா வீரருக்கும் இதே விகிதம் என்று எடுக்கக் கூடாது. ஆனால் 2019-ல் அதே குழுவினர் கண்டது எனக்கு இன்னும் முக்கியம்: கூடுதலாக ஆடிய ஒவ்வொரு வருடத்துக்கும் அந்த நோய் இருப்பதற்கான வாய்ப்பு 30% கூடுகிறது. கைக்கு நடப்பது போல இங்கே ஈடுகட்டிக் கொடுக்க யாரும் இல்லை. குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங் 1999 செப்டம்பரில் தலையில் வாங்கிய அடியோடு அந்த சீசனை முடித்துக்கொண்டு அடுத்த வருடம் விலகினார். மேனிங்கின் பழைய அணியான கோல்ட்ஸில் அவர் இடத்துக்கு வந்த ஆண்ட்ரூ லக், சிறுநீரகக் கிழிசல், தோள் காயம் என்று வரிசையாகப் பட்டு, 2019 ஆகஸ்டில் 29 வயதிலேயே போதும் என்றார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். மேனிங் 2016 பிப்ரவரியில் 141 யார்டு மட்டும் எறிந்து, தடுப்பாட்டக்காரர்களின் தயவில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் 50-ன் கோப்பையை வாங்கி, ஒரு மாதத்தில் விலகினார். இரண்டில் எது சரியான நேரம் என்று வாசகர் கேட்டால், நான் லக் பக்கம்.