பள்ளிக்கூடத்து மண்ணில் தங்கிய பழைய மருந்து

பூச்சிகொல்லியை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடலைக்கு மருந்து தூவினார்கள், நெல் மூட்டைக்கு மருந்து போட்டார்கள், கட்டடத்துக்குக் கரையான் மருந்து ஊற்றினார்கள். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இன்று பள்ளிக்கூடமாக இருக்கும் ஓரிடம் முன்பு கடலைக் கொல்லையாகவோ கிட்டங்கியாகவோ இருந்திருந்தால், அந்த மருந்துகளில் ஏதேனும் ஒன்று அதன் மண்ணில் இன்னும் தங்கியிருக்கக்கூடும். இருந்தால் அது எங்கே இருக்கும், அதை எப்படி அகற்றுவது என்ற இரண்டு கேள்விகளில், முதல் கேள்விக்குத்தான் அதிக உழைப்பு தேவைப்படுகிறது.

அக்காலத்து மருந்துகளில் பெரும்பாலானவை குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள். கரியணுவும் குளோரினும் இறுகப் பிணைந்திருப்பதால் நுண்ணுயிரிகளால் அவற்றை எளிதில் பிரிக்க முடிவதில்லை. இந்தியாவில் டி.டி.டி. என்ற பூச்சிகொல்லியை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-இல் தடைசெய்யப்பட்டது. கரையான் மருந்தான ஆல்ட்ரின் 1996-இலும், கடலைக்குத் தூவிய பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) 1997-இலும் தடைக்குள் வந்தன. தடை வந்த நாளில் கடையில் விற்பனை நின்றது. மண்ணில் ஏற்கெனவே இறங்கியிருந்ததைத் தடை எதுவும் செய்யவில்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி தங்குவதில்லை. டி.டி.டி. தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பி.எச்.சி.யில் பூச்சியைக் கொல்லும் பகுதியான லிண்டேன் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் கரையும். ஆகவே முன்னது விழுந்த இடத்திலேயே கிடக்க, பின்னது மழைநீரோடு மெல்ல நகரும்.

எவ்வளவு தங்கியிருக்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். மானாவாரிக் கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு இறங்கினால் பி.எச்.சி. 10 சதவீதத் தூளை ஹெக்டேருக்கு 25 கிலோ வீதம் தூவுவது அன்றைய வழக்கம். அதில் மருந்து இரண்டரைக் கிலோ. மீதி வெறும் மாவு. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 2,250 டன். இரண்டரைக் கிலோவை அதில் கலந்தால் ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி வரும். நம் வெயிலிலும் மழையிலும் இத்தனை ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி கழிந்துபோயிருக்கும். அதே 25 கிலோ மூட்டை ஒன்று, தூள் வைத்திருந்த அறையின் வாசலில் பத்து சதுர மீட்டர் இடத்தில் கிழிந்து கொட்டியிருந்தால் என்ன ஆகும்? அங்கே மண்ணின் எடை இரண்டேகால் டன்தான். கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிவிடும். மூட்டை ஒன்றே, மருந்தும் ஒன்றே, அடர்த்தி மட்டும் ஆயிரம் மடங்கு. அத்தகைய செறிவில் மருந்தைத் தின்னும் நுண்ணுயிரிகளே தடுமாறுவதால், அந்த மூலை வயலைக் காட்டிலும் நெடுங்காலம் அப்படியே இருக்கும்.

கரையான் மருந்தின் கதையும் இதுவே. கட்டடம் எழும்பும்போது 0.5 சதவீத ஆல்ட்ரின் கரைசலை அஸ்திவாரத்தின் வெளிச்சுற்றில், மண் ஒட்டும் சுவர்ப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏழரை லிட்டர் வீதம், ஓரடி ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்றுவது அன்றைய இந்தியத் தர நிர்ணய முறை. சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் பதினொரு கிராம் ஆல்ட்ரின் என்று ஆகிறது. மண்ணுக்குள் போன ஆல்ட்ரின் உயிர்வளியை ஏற்று டீல்ட்ரினாக மாறிவிடும். டீல்ட்ரினோ மேலும் பிடிவாதமானது. பள்ளி வராந்தாவை ஒட்டிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் இடமும், பந்தைத் தேடி மண்ணைக் கிளறும் இடமும் பெரும்பாலும் இந்தச் சுவரோரம்தான் என்பதை ஆய்வுக்கு வருகிறவர்கள் சில நேரம் மறந்துவிட்டு, நடு மைதானத்தில் மண் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மண்ணிலிருந்து குழந்தையின் உடலுக்கு இவை போகும் முதன்மையான வழி கையும் வாயும்தான். சிறு குழந்தை ஒன்று நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை மண்ணை அறியாமல் விழுங்கும் என்று வைத்துக்கொண்டே ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருக்கும் முதற்கட்ட எச்சரிக்கை அளவு, கிலோவுக்கு டி.டி.டி. சுமார் 1.9 மில்லிகிராம், டீல்ட்ரின் சுமார் 0.034. அந்த அளவைத் தாண்டினால் நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. நின்று பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

மண் எடுப்பதற்கு முன் ஆளைப் பிடிக்க வேண்டும். மருந்து எந்த அறையில் இருந்தது, தெளிப்பானை எந்தக் கிணற்றடியில் கழுவினார்கள், காலி டப்பாவை எங்கே புதைத்தார்கள் என்பதை எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயியோ ஓய்வுபெற்ற வாட்ச்மேனோ அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். எந்தக் கருவியும் இதற்கு ஈடில்லை என்பது என் எண்ணம். அதன்பின் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் முப்பது புள்ளிகளில் சிறிது சிறிதாக மண் எடுத்து ஒன்றாகக் கலப்பார்கள். பிள்ளைகளின் கை படும் மேல் 5 செ.மீ. மண் தனி, 15, 30 செ.மீ. ஆழத்து மண் தனித்தனி. ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் எஃகுக் கரண்டியைக் கழுவித் துடைப்பார்கள். மண் பிளாஸ்டிக் பையில் போகாது, கண்ணாடிக் குப்பியில் போகும். இந்த மருந்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையவை. குப்பி பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகம் சேரும்.

அங்கே கரைப்பான் கொண்டு மண்ணிலிருந்து மருந்தைப் பிரித்து, கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துவார்கள். கருவியின் முனையில் எலக்ட்ரான்கள் சீராக ஓடிக்கொண்டிருக்கும். குளோரின் ஏறிய மூலக்கூறு ஒன்று வந்ததும் எலக்ட்ரானைப் பற்றிக்கொள்ள, மின்னோட்டம் சற்றே குறையும். அந்தக் குறைவே அளவு. டி.டி.டி. காற்றோட்டமுள்ள மண்ணில் டி.டி.இ. ஆகவும், காற்றில்லாத மண்ணில் டி.டி.டி. என்றே தமிழில் ஒலிக்கும் இன்னொரு சேர்மமாகவும் சிதைவதால் (பெயர் வைத்தவர்கள் தமிழை நினைக்கவில்லை), தாய்ப்பொருளுக்கும் சிதைபொருளுக்கும் உள்ள விகிதத்தை வைத்து அது பழைய கறையா, அண்மையில் யாரோ போட்டதா என்றும் சொல்லிவிடலாம்.

கரிமம் அல்லாத மருந்துகள் வேறு வகை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் காய்ப்புழுவுக்கு 1940-கள் வரை ஈய ஆர்சனேட்டைத் தெளித்தார்கள். அந்தத் தோப்புகளில் பின்னாளில் பள்ளிகளும் வீடுகளும் வந்தன. ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள் ஆதலால் அவை சிதைவதே இல்லை. அங்கே கிலோவுக்கு ஆர்சனிக் 20, ஈயம் 250 மில்லிகிராமைத் தாண்டிய பள்ளி மண்ணை வெட்டி எடுத்தார்கள், அல்லது நல்ல மண்ணால் மூடினார்கள், அல்லது மேலே தங்கியதைக் கீழுள்ள தூய மண்ணோடு ஆழமாக உழுது கலந்தார்கள். நம் செம்மண்ணிலும் செம்புறாங்கல் சரளையிலும் உள்ள இரும்புத்துரு ஆர்சனிக்கை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த மண்ணில் மக்கு (மட்கிய இலைதழை) குறைவாக இருப்பதால் டி.டி.டி. போன்றவற்றுக்குப் பிடிமானம் குறைவு.

இனி சுத்தம் செய்வது. ஒரு ஏக்கர் மைதானத்தை ஓரடி ஆழத்துக்கு வெட்டினால் 1,800 டன் மண் வரும். பத்து டன் லாரியில் 180 நடை. அபாயகரக் கழிவை ஏற்கும் கும்மிடிப்பூண்டி நிலையமோ காரைக்குடியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மூட்டை கிழிந்த அந்தப் பத்து சதுர மீட்டரை மட்டும் வெட்டினால் நாலரை டன், ஒரே நடை. தேடலுக்குச் செலவழித்த பணம் இங்கே திரும்பி வந்துவிடுகிறது.

வெட்டி எடுக்கும் அளவுக்குச் செறிவில்லாத, விட்டுவிடும் அளவுக்குக் குறைவுமில்லாத இடங்களில் மண்ணை அங்கேயே வைத்து மாற்றலாம். நீர் நின்ற நெல்வயலில் லிண்டேன் விரைவாகச் சிதைகிறது என்பது 1960-களிலிருந்து அறியப்பட்ட செய்தி. காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. இதையே செயற்கையாகச் செய்கிறார்கள்: எருவும் இரும்புத்தூளும் கலந்து மண்ணை நனைத்துச் சில நாள் மூடிவைத்தால், இரும்பு தரும் எலக்ட்ரானைப் பெற்று குளோரின் விலகும், பின் உழுது காற்றுப் படவிட்டால், மிஞ்சிய துண்டுகளை வேறு பாக்டீரியாக்கள் தின்னும். கரும்பு வேர்மண்ணிலிருந்து இந்தியாவில் பிரித்தெடுத்த ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்ற பாக்டீரியா பி.எச்.சி.யின் பல வடிவங்களைச் சிதைக்கவல்லது. இந்த நனைப்பு, உழவுச் சுற்றைப் பல முறை திருப்ப வேண்டியிருப்பதால், இரண்டு மாத விடுமுறைக்குள் முடியும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இன்னொரு வழி கட்டிப்போடுவது. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பழகிய தொழில். அத்தகைய கரியைப் பொடித்து மண்ணில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு கலந்தால், டி.டி.டி.யும் டீல்ட்ரினும் அதன் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு மண்புழுவுக்கும் செடிக்கும் எட்டாமல் போகும். மருந்து அழிவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. ஆர்சனிக் உள்ள மண்ணில் மட்டும் கரியைக் கண்மூடிப் போடக்கூடாது. அங்கே அது சில வேளை ஆர்சனிக்கை அவிழ்த்துவிடும். பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் பூசணிக் குடும்பத்துக் கொடிகளையும் சோதனை முடியும்வரை தவிர்ப்பது நல்லது. மற்றச் செடிகள் தொடாத குளோரின் மருந்துகளை அவற்றின் வேர்கள் மேலே இழுத்துவிடுகின்றன.

வேலையைக் கோடை விடுமுறையில் வைத்தால் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆனால் புழுதி பறக்கும், ஆகவே தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்காவிட்டால் கிளறிய மண் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும். வேப்பமரத்தடியில் ஜேசிபியை விடாமல் கையால் சுரண்ட வேண்டும். வெட்டிய குழியின் அடியிலும் நான்கு பக்கத்திலும் மறுபடி மண் எடுத்துச் சோதித்து, அளவு இறங்கியிருந்தால்தான் மூட வேண்டும். குழியை நிரப்பப் பெரும்பாலும் பக்கத்துக் கண்மாய் வண்டலைத்தான் கொண்டுவருவார்கள். அந்தக் கண்மாய்க்கு மேட்டில் கடலைக் கொல்லைகள் இருந்தனவா என்று கேட்டு, அந்த வண்டலிலும் ஒரு குப்பி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே டிராக்டரைப் பள்ளி வாசலுக்குள் விட வேண்டும்.