பிழைக்குறி கையில் இருக்கிறது, விளக்கம் எந்தக் கையேட்டில்?

ஐபிஎம் மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) சப்போர்ட்டுக்குப் புதிதாக வருபவர்கள் கோபோல் மொழியையும், ஜாப்களை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல்லையும் சில மாதங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களைத் திணறடிப்பது ஐபிஎம்மின் கையேடுகள்தான். எழுதியிருக்கும் விஷயத்தில் பெரிய குறையில்லை. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

இரவு பேட்சில் ஒரு ஜாப் எஸ்0சி7 என்ற குறி அடித்து அபெண்ட் ஆகிறது, அதாவது பாதியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். பெரும்பாலும் எண் இருக்க வேண்டிய ஃபீல்டில் குப்பை வந்திருக்கும். அந்தக் குறிக்கு விளக்கம் 'எம்விஎஸ் சிஸ்டம் கோட்ஸ்' கையேட்டில். ஆனால் ஸ்பூலில் (ஜாபின் வெளியீடு சேரும் இடம்) கண்ணில் படுவது சிஇஇ3207எஸ் என்ற செய்தி. அதற்கு, நிரல்கள் ஓடத் துணைநிற்கும் லாங்குவேஜ் என்விரான்மென்ட்டின் 'ரன்டைம் மெசேஜஸ்'. ஆஃப்செட்டை (நிரலின் தொடக்கத்திலிருந்து பிழை விழுந்த தூரம்) வைத்து எந்த வரியில் விழுந்தது என்று பார்க்க, 'டீபகிங் கைடு'. ஒரு கோளாறுக்கு மூன்று புத்தகம்.

இதைவிடக் கொடுமை டைனமிக் அலோகேஷன், அதாவது நிரல் ஓடும்போதே கோப்பை ஒதுக்கிக்கொள்வது. ரெக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு 0210 என்றொரு குறி வரும். கேட்ட டேட்டாசெட்டை (கோப்பை) வேறு ஜாப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் குறிகளின் பட்டியல் 'ஆத்தரைஸ்டு அசெம்ப்ளர் சர்வீசஸ் கைடு'க்குள் இருக்கிறது. அசெம்ப்ளர் மொழியே தெரியாதவர் அங்கே போய்த் தேடுவாரா? சிஸ்டத்தின் எந்த உறுப்பு குறியைத் தந்ததோ அந்த உறுப்பின் புத்தகத்தில் விளக்கத்தை வைத்தார்கள். குறியோடு மல்லாடுபவர் யார் என்று யோசிக்கவில்லை.

வெளியிடும் முறையும் உதவுவதில்லை. 2013-இல் மெயின்பிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 2.1 வந்தபோது கையேட்டு எண்களே மாறின: 'ஜேசிஎல் ரெஃபரன்ஸ்' எஸ்ஏ22-7597 ஆக இருந்தது, எஸ்ஏ23-1385 ஆனது. பழைய ரன்புக்குகளில் (கோளாறு வந்தால் செய்ய வேண்டியதைக் குறித்து வைக்கும் ஏடுகளில்) இன்னும் பழைய எண்தான். இணையக் கையேடுகளின் முகவரிகளும் மாறிவிட்டதால், சேமித்து வைத்த இணைப்புகள் பல எங்கும் போய்ச் சேர்வதில்லை. செய்திக் குறியைத் தட்டினால் விளக்கம் தந்த லுக்அட் கருவியையும் நிறுத்திவிட்டார்கள்.

அதனால் உங்கள் பதிப்புக்கான இன்டெக்ஸ் செய்த பிடிஎஃப் தொகுப்பை இறக்கி லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கையேட்டிலும் ஒரே தேடலில் பார்க்கலாம். ரன்புக்கில் இணைப்பை மட்டும் ஒட்டாமல், கையேட்டின் பெயர், பதிப்பு, அத்தியாயத் தலைப்பு மூன்றையும் எழுதுங்கள். கருத்து அனுப்பும் வழி ஒவ்வொரு கையேட்டிலும் இருக்கிறது. எந்தக் குறியைத் தேடி எந்தப் புத்தகத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதை அங்கே எழுதுங்கள். டைனமிக் அலோகேஷன் குறிகளை ரெக்ஸ் கையேட்டிலும் அச்சிடக் கேளுங்கள்.